விளையாட்டுச் சாமான்களின் கதை – 17: அடுக்கிக்கொண்டே போனால்…

2012ஆம் ஆண்டின் கடைசியில், இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஒரு வேடிக்கையான சோதனை நடந்தது. ஹைட்ராலிக் அழுத்தப் பொறியின் இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஒரே ஒரு லெகோ கட்டையை வைத்தார்கள். தலையில் நான்கு குமிழ் உள்ள சின்னக் கட்டை. அதன் எடை 1.152 கிராம். சட்டைப் பையில் கிடந்தால் இருப்பதே தெரியாது.

கேள்வி பிபிசி வானொலியின் ‘மோர் ஆர் லெஸ்’ நிகழ்ச்சிக்காகக் கேட்கப்பட்டது. லெகோ கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனால், எந்த உயரம் வந்ததும் அடியில் இருக்கும் கட்டை நசுங்கும்? பயன்பாட்டுக் கணிதம் படித்த இயன் ஜான்ஸ்டன் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டார். ஆனால் இதைக் கணக்கை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. கட்டை எவ்வளவு தாங்கும் என்பதை நசுக்கித்தான் பார்க்க வேண்டும்.

பொறி அழுத்தியது. நூறு கிலோ, இருநூறு, முந்நூறு. கட்டை அசையவில்லை. ஒரு காளை மாட்டை அதன்மேல் நிறுத்திய அளவுக்குச் சுமை ஏறிய பிறகுதான் அது தோற்றது. தோற்றபோதும் படாரென்று வெடிக்கவில்லை. பிசைந்த மாவை உள்ளங்கையால் அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்குமே, அதுபோல மெதுவாகப் பிதுங்கி உட்கார்ந்துவிட்டது. சோதித்த கட்டைகளின் சராசரி 4,240 நியூட்டன், அதாவது சுமார் 432 கிலோ. அதை ஒரு கட்டையின் எடையால் வகுத்தால் 3,75,000 கட்டை வருகிறது. அடுக்கினால் மூன்றரை கிலோமீட்டருக்கும் மேல்.

அதே 2012இல் உலகின் மிக உயரமான லெகோ கோபுரங்கள் முப்பது மீட்டரைத்தான் கொஞ்சம் தாண்டியிருந்தன. மூன்றரை கிலோமீட்டர் எங்கே, முப்பது சொச்சம் மீட்டர் எங்கே! கட்டை தாங்கும் என்றால் கோபுரம் ஏன் நூறில் ஒரு பங்கு உயரத்திலேயே நின்றுவிடுகிறது? இந்த வாரம் முழுக்க அதுதான் நம் கேள்வி.

முதலில் கட்டையைக் கையில் எடுத்துப் பார்ப்போம். இதை எழுதும்போது என் மேஜைமேல் எட்டுக் குமிழ்க் கட்டை ஒன்று இருக்கிறது. நீளம் 31.8 மில்லிமீட்டர், அகலம் 15.8, குமிழை விட்டுவிட்டால் உயரம் 9.6. கவிழ்த்துப் பார்த்தால் வயிற்றுக்குள் மூன்று குழாய்கள். இன்னொரு கட்டையின் குமிழ்கள்மேல் இதை வைத்து அழுத்தினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வருகிறதல்லவா, அந்தச் சத்தம்தான் லெகோவின் உயிர். ஒவ்வொரு குழாயும் நான்கு குமிழ்களுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிறது. இடம் மயிரிழை குறைவு. அந்த நெருக்கத்தால் பிளாஸ்டிக் இம்மியளவு விரிந்து கொடுத்து, திரும்பக் குமிழை இறுக்கிப் பிடிக்கிறது. கொஞ்சம் கூடுதலாக இறுகினால் குழந்தையின் விரலால் பிரிக்க முடியாது. கொஞ்சம் குறைந்தால் கூரை கழன்று விழும்.

சென்ற வாரம் சொன்ன 1949ஆம் ஆண்டுக் கட்டையில் இந்தக் குழாய் கிடையாது. பிரிட்டனின் ஹிலாரி பேஜ் உருவாக்கிய கிட்டிகிராஃப்ட் கட்டையைப் பார்த்துச் செய்த அந்த முதல் கட்டையின் உள்ளே வெறும் வெற்றிடம்தான். ஒன்றன்மேல் ஒன்று உட்காரும், ஆனால் பிடிக்காது. கட்டிய வீட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போக முடியாது. ஒன்பது ஆண்டு இந்தக் குறையோடு ஓடியது. 1958 ஜனவரி 28 அன்று லெகோ நிறுவனத்தின் காட்ஃபிரெட் கிர்க் கிறிஸ்டியன்சன் குமிழும் குழாயும் சேர்ந்த அமைப்புக்குக் காப்புரிமை கேட்டு மனுச் செய்தார். பகல் 1.58 மணி என்று நேரம் உட்படப் பதிவாகியிருக்கிறது. அவருடைய தந்தை, லெகோவைத் தொடங்கிய டென்மார்க்கின் பில்லுண்ட் ஊர்த் தச்சர் ஓலே கிர்க், அதே ஆண்டு மார்ச்சில் காலமானார்.

குழாய் வந்ததும் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, பிளாஸ்டிக்கையே மாற்றியது. பழைய கட்டைகள் செல்லுலோஸ் அசிடேட்டால் ஆனவை. நாளாக ஆகக் கோணிக்கொள்ளும், நிறம் மங்கும். 1963இல் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். கடினமானது, வடிவம் குலையாதது. ஒரு கட்டை இம்மியளவு கோணியிருந்தால் வீட்டில் விளையாடும் குழந்தைக்குத் தெரியவே தெரியாது. ஆயிரம் அடுக்கு ஏற்றும்போது அந்த இம்மிகளெல்லாம் கூடிக் கோபுரத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும். பெரிதாகக் கட்டலாம் என்ற எண்ணத்துக்கே இடம் பிறந்தது இந்த இரண்டு மாற்றங்களால்தான்.

அந்த எண்ணத்துக்கு முதலில் உருவம் கொடுத்தவர்களில் ஒரு பெண்மணியை மறக்கக் கூடாது. டாக்னி ஹோல்ம், சிற்பம் பயின்றவர், காட்ஃபிரெட்டுக்கு உறவுக்காரர். 1961இல் நிறுவனத்துக்கு வந்தார். வளைவு என்பதே இல்லாத கட்டைகளை வைத்துக்கொண்டு வீடுகளும் மனிதர்களும் விலங்குகளும் செய்தார். தொழிற்சாலையைப் பார்க்க வருகிறவர்கள் அந்த உருவங்கள் முன்னால்தான் கூட்டமாக நின்றார்கள். வேலை கெடுகிறது என்று விரட்டாமல், இதையே வெளியில் வைத்தால் என்ன என்று யோசித்தார் காட்ஃபிரெட். 1968 ஜூன் 7 அன்று பில்லுண்டில் லெகோலாந்து பூங்கா திறந்தது. முதல் ஆண்டிலேயே 6,25,000 பேர் வந்தார்கள். 1974இல் அதே பூங்காவில் பியோர்ன் ரிக்டர் அமெரிக்காவின் ரஷ்மோர் மலையை, நான்கு அதிபர்களின் முகங்களோடு, பதினைந்து லட்சம் கட்டைகளில் எழுப்பினார். பூங்காவில் மழையிலும் வெயிலிலும் நிற்கும் உருவங்களுக்குப் பசை போட்டு ஒட்டுவது வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் கட்டை தன் சொந்தப் பிடியில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அந்த உருவங்களிடம் விடை கிடைக்காது.

விடை தேடியவை கோபுரங்கள். ஒரு நகரத்தின் சதுக்கத்தில் கூடாரம் போடுவார்கள். கூடாரத்துக்குள் நீளமான மேஜைகளும், கூடை கூடையாகக் கட்டைகளும் இருக்கும். குழந்தைகள் வரிசையில் வந்து உட்கார்ந்து, சொல்லிக்கொடுத்த மாதிரியில் ஒரு துண்டு கட்டுவார்கள். துண்டு முடிந்ததும் பெரியவர்கள் வாங்கிச் சரிபார்த்து, கிரேனில் ஏற்றிக் கோபுரத்தின் தலையில் பொருத்துவார்கள். நாலைந்து நாளில் முடிந்துவிடும் திருவிழா இது. சியோலில் 2012 மே மாதம் நான்காயிரம் குழந்தைகள் ஐந்து லட்சம் கட்டைகளை அடுக்கி 31.9 மீட்டர் ஏற்றினார்கள். கடைசிக் கட்டையை டென்மார்க்கின் அன்றைய பட்டத்து இளவரசர் ஃபிரெட்ரிக் வைத்தார். சில மாதத்துக்குள் பிராகா நகரம் அதைத் தாண்டியது. 2013 ஆகஸ்டில் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்து வில்மிங்டனில் பள்ளிப் பிள்ளைகள் 34.43 மீட்டரைத் தொட்டார்கள். 2014 மே மாதம் புடாபெஸ்டில், புனித ஸ்டீபன் பேராலயத்துக்கு முன்னால், 34.76. அந்தக் கோபுரத்தின் உச்சியில் ஒரு ரூபிக் கனசதுரத்தையும் லெகோவிலேயே செய்து வைத்தார்கள். எர்னோ ரூபிக்கின் ஊர் அல்லவா, பொருத்தம்தான். 2015 ஜூனில் மிலான் நகரம், ஐந்தரை லட்சம் கட்டைகளோடு, 35.05.

இந்த எண்களை வரிசையாகப் பாருங்கள். மூன்று ஆண்டில் மூன்று மீட்டர் சொச்சம். அதிலும் கடைசிச் சாதனைகள் முப்பது சென்டிமீட்டர் வித்தியாசத்தில் முந்தியவை. கட்டை நசுங்கிவிடும் என்ற பயத்தால் அல்ல. 35 மீட்டர் என்பது சுமார் 3,650 அடுக்கு. ஜான்ஸ்டன் நசுக்கிய அந்தச் சின்னக் கட்டையை அத்தனை அடுக்கு ஏற்றினாலும் அடிக்கட்டையின் தலையில் இருப்பது நாலேகால் கிலோவைத் தாண்டாது. 432 கிலோ தாங்குகிறவன் தலையில் நாலேகால் கிலோ!

அப்படியென்றால் எதிரி யார்? காற்று. லெகோ கட்டை அமுக்குவதைத் தாங்கும், இழுப்பதைத் தாங்காது. அமுக்கும்போது எதிர்த்து நிற்பது பிளாஸ்டிக்கின் உடல் வலிமை. இழுக்கும்போது எதிர்த்து நிற்பது குமிழுக்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கும் அந்த ‘டக்’ ஒன்றுதான். குழந்தை பிரிக்க வேண்டும் என்பதற்காகவே வேண்டுமென்றே லேசாக வைத்த பிடி அது. ஒல்லியான உயரமான கோபுரத்தின்மேல் காற்று மோதினால், காற்று வந்த பக்கத்துக் கட்டைகள் இழுபடும், எதிர்ப்பக்கத்துக் கட்டைகள் அமுங்கும். இழுபடும் பக்கத்தில் ஓர் இணைப்பு வாய் பிளந்தால் போதும். அதனால்தான் இந்தக் கோபுரங்களைச் சுற்றிலும் கம்பிகளால் இழுத்துக் கட்டுகிறார்கள். படம் பிடிப்பவர்கள் பெரும்பாலும் அந்தக் கம்பி தெரியாத கோணத்தைத் தேடுகிறார்கள். எனக்கு அந்தக் கம்பிகளைப் பார்க்கப் பிடிக்கும். கட்டையின் பிடி எங்கே முடிகிறது என்பதை அவை நேர்மையாகச் சொல்லிவிடுகின்றன.

இனி வீடு. 2009இல், கார் நிகழ்ச்சிகளால் புகழ்பெற்ற ஜேம்ஸ் மே, பிபிசிக்காகப் பழைய விளையாட்டுச் சாமான்களைப் பற்றி ஒரு தொடர் எடுத்தார். லெகோவின் முறை வந்தபோது, ஆள் குடியிருக்கக்கூடிய வீடு ஒன்றைக் கட்டுவது என்று தீர்மானித்தார். இடம், லண்டனுக்குத் தெற்கே சர்ரே மாவட்டத்தின் டோர்க்கிங் ஊரில் உள்ள டென்பீஸ் திராட்சைத் தோட்டம். வடிவமைத்தவர் பார்னபி கன்னிங் என்ற கட்டடக் கலைஞர். ஆகஸ்ட் மாதம் பொதுமக்களை உதவிக்கு வரச் சொன்னார்கள். ஆயிரம் பேர் போலக் கை கொடுத்தார்கள். செங்கல் சூளையில் முதலில் கல் அறுப்பது மாதிரி, சின்னக் கட்டைகளைச் சேர்த்து உள்ளீடற்ற பெரிய கட்டைகளை முதலில் செய்து, பிறகு அவற்றைக் கொண்டு சுவர் எழுப்பினார்கள். மொத்தம் 33 லட்சம் கட்டை. இருபதடி உயரம், இரண்டு தளம். வெந்நீர் வரும் குளியலறை இருந்தது. வேலை செய்யும் கழிப்பறை இருந்தது. கட்டிலும் லெகோதான். மே அதில் ஒரு ராத்திரி படுத்தும் எழுந்தார். சுகமான தூக்கமாக இருந்திருக்க முடியாது.

அந்த வீட்டின் கதையில் என்னை உறுத்துவது அதன் முடிவு. லெகோலாந்து பூங்கா அதை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. பிரித்து, வண்டியேற்றி, மறுபடியும் கட்டும் செலவு கட்டுப்படியாகாது என்று அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. தோட்டக்காரருக்கு அறுவடைக் காலம் நெருங்கிவிட்டது, நிலம் வேண்டும். யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று முகநூலில் கடைசியாகக் கேட்டும் பார்த்தார்கள். ஒருவரும் வரவில்லை. செப்டம்பர் 22 அன்று இடித்தார்கள். கட்டைகளைத் தர்ம காரியத்துக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. ஆயிரம் பேர் விடுமுறை நாளில் வந்து, வரிசையில் நின்று, ஒவ்வொன்றாகச் சேர்த்த வீடு இரண்டு மாதம்கூட நிற்கவில்லை. கட்டைகள் வேறு கைகளுக்குப் போய் வேறு வேறு வடிவங்கள் ஆகியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இருந்தாலும் அந்த வீடு இருந்திருக்கலாம்.

2013 மே 23 அன்று நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் ஒரு திரையை விலக்கினார்கள். உள்ளே நின்றது ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் வரும் எக்ஸ்-விங் போர்விமானம், படத்தில் உள்ள அளவிலேயே. கடையில் விற்கும் 560 துண்டு கொண்ட எக்ஸ்-விங் பெட்டியை அப்படியே 42 மடங்கு பெருக்கியிருந்தார்கள். பெட்டியில் ஒரு சின்னக் கட்டை இருக்கும் இடத்தில், இங்கே ஆயிரக்கணக்கான கட்டைகளால் செய்த ஒரு ராட்சசக் கட்டை, குமிழ் உட்பட. மொத்தம் 53,35,200 கட்டை. செக் நாட்டின் க்ளாட்னோ ஊரில் உள்ள லெகோ மாதிரிக் கூடத்தில் 32 பேர் 17,336 மணி நேரம் உழைத்துக் கட்டினார்கள். எடை இருபது டன்னுக்கு மேல். கட்டைகளின் எண்ணிக்கையில் உலகிலேயே பெரிய லெகோ உருவம் என்ற பெயர் அதற்கு வந்தது.

உள்ளே எஃகுச் சட்டம் உண்டு. பொதுமக்கள் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ளும் இருபது டன் பொருளை வேறு எப்படி நிறுத்த முடியும்? அதில் எனக்குக் குறையில்லை. ஆனாலும் இங்கே வரலாறு இரண்டு கிளையாகப் பிரிகிறது என்பதைச் சொல்ல வேண்டும். கோபுரத்திலும் வீட்டிலும் குழந்தைகளும் வழிப்போக்கர்களும் கட்டினார்கள், கோபுரத்தின் சுமையைக் கட்டையே சுமந்தது. எக்ஸ்-விங்கில் தேர்ந்த தொழிலாளர்கள் கட்டினார்கள், சுமையை எஃகு வாங்கிக்கொண்டது. கட்டை அங்கே தோல், எலும்பு வேறு. இரண்டையும் ஒரே சாதனைப் பட்டியலில் வைத்து எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எண்ணிக்கைப் போட்டி மூன்றே ஆண்டில் கைமாறியது. 2016 செப்டம்பரில் லேண்ட் ரோவர் நிறுவனம் தன் புதிய டிஸ்கவரி காரை அறிமுகப்படுத்த, இங்கிலாந்தின் பாக்கிங்டன் ஹால் மாளிகை வளாகத்தில் லண்டன் டவர் பாலத்தை லெகோவில் எழுப்பியது. 13 மீட்டர் உயரம், 44 மீட்டர் அகலம், 58,05,846 கட்டை. எக்ஸ்-விங்கைவிட 4,70,646 அதிகம். டங்கன் டிட்மார்ஷின் ‘பிரைட் பிரிக்ஸ்’ குழுவுக்கு ஐந்து மாதம் பிடித்தது. ஒரு காரை விற்பதற்காகக் கட்டிய பாலம், அவ்வளவுதான்.

அதே இலையுதிர் காலத்தில் லண்டனில் இன்னொரு பாலம் வந்தது. அளவில் மிகச் சின்னது, செய்தித்தாள்களில் இடமும் குறைவு. சிவில் பொறியாளர் சங்கத்தின் கட்டடத்துக்குள், இரண்டு லட்சத்துச் சொச்சம் கட்டைகளால் ஒரு தொங்குபாலம். முக்கால் டன் எடை. நடு இடைவெளி மட்டும் 16.92 மீட்டர். உண்மையான பாலங்களை வடிவமைக்கும் ராபின் ஷாம் இதையும் வடிவமைத்தார். இழுவையைத் தாங்காத கட்டையைக் கொண்டு, இழுவையாலேயே நிற்கும் தொங்குபாலத்தைக் கட்டலாமா என்று கேட்டவர்கள் இவர்கள். கட்டையின் பலவீனத்துக்கு நேராகப் போய் நின்ற இந்தப் பாலத்தை 58 லட்சம் கட்டைப் பாலத்துக்கு மேலே வைப்பேன்.

2018இல் பூகாட்டி ஷிரோன் காரை முழு அளவில் லெகோவின் டெக்னிக் வகைத் துண்டுகளால் செய்தார்கள். துண்டுகள் பத்து லட்சத்துக்கு மேல், பசை ஒரு சொட்டும் இல்லை. பொம்மைகளில் போடும் குட்டி மோட்டார்கள் 2,304ஐ ஒன்றாகக் கோத்து, ஒன்றரை டன் வண்டியை மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார்கள். சக்கரமும் டயரும் அசல் பூகாட்டியுடையவை, உள்ளே எஃகும் உண்டு. ஆனால் ஓட வைத்தது அந்தக் குட்டி மோட்டார்கள்தான். இதுவும் க்ளாட்னோக்காரர்களின் கைவேலை.

மறுபடியும் கோபுரத்துக்கு வருகிறேன். மிலானின் 35.05 மீட்டருக்குப் பிறகு இரண்டரை ஆண்டு அமைதி. 2017 டிசம்பரில் டெல் அவிவ் நகரின் ராபின் சதுக்கத்தில் ஒரு கோபுரம் எழுந்தது. 2014இல் புற்றுநோயால் இறந்துபோன எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு லெகோ என்றால் உயிர். அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியையின் மனதில் உதித்த யோசனைதான் கோபுரம். நகராட்சி சேர்ந்துகொண்டது. நகரமெங்கும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் உட்கார்ந்து துண்டுகளைக் கட்டினார்கள். துண்டுகள் சதுக்கத்துக்கு வந்து, கிரேனில் ஏறி, ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்தன. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட கட்டை, 35.95 மீட்டர். மிலானைவிடத் தொண்ணூறு சென்டிமீட்டர் அதிகம். கோபுரத்துக்கு அந்தச் சிறுவனின் பெயரையே வைத்தார்கள்: ஓமர் கோபுரம்.

அந்தத் தொண்ணூறு சென்டிமீட்டர் 94 அடுக்கு வரும். ஒரு குழந்தை தரையில் உட்கார்ந்து தனியாக அடுக்கினால், அதன் மார்பு உயரத்தைத் தாண்டும்.

அடுத்த வாரம் கட்டைகள் கடலில் விழுந்த கதை. 1997 பிப்ரவரியில் இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால் ஒரு சரக்குக் கப்பலை ராட்சச அலை தாக்கியது. சரிந்து விழுந்த 62 கன்டெய்னர்களில் ஒன்றின் உள்ளே ஏறத்தாழ 48 லட்சம் லெகோ துண்டுகள் இருந்தன.

(தொடரும்)